பெட்டியை விற்றுக்கொள்ளுங்கள், ஃப்ளாப்பியைக் குப்பையில் போடாதீர்கள்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு பழம்பொருள் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அண்ணன்மார்களுக்கு வணக்கம். கல்லாவில் உட்காரும் அக்காமார்களுக்கும்தான்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். பெரிய வீடுகளைக் காலி செய்யும்போது மொத்தமாக விலை பேசி நீங்கள் எடுத்து வரும் சாமான்களில் இப்போது பழைய கம்ப்யூட்டர்களும் வர ஆரம்பித்துவிட்டன. கூடவே ஒரு பிளாஸ்டிக் டப்பாவிலோ பிஸ்கட் டின்னிலோ கொஞ்சம் ஃப்ளாப்பிகளும், அதாவது அந்தக் காலத்தில் ஃபைல்களைப் பதிந்து வைத்த காந்தத் தட்டுகளும், வருகின்றன. நீங்கள் கம்ப்யூட்டரைத் துடைத்துக் கடை வாசலில் வைக்கிறீர்கள், ஃப்ளாப்பியை இரும்பு, ஈயம் எடுக்கிறவரிடம் பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக்காக எடைக்குப் போட்டுவிடுகிறீர்கள். இது அப்படியே தலைகீழாக நடக்க வேண்டிய காரியம். அந்தப் பெட்டி போனால் அதைப் போலவே நடந்துகொள்ளும் இன்னொன்றை இன்றைக்கு எந்த லேப்டாப்பிலும் உண்டாக்கலாம், ஃப்ளாப்பிக்குள் இருப்பது போனால் போனதுதான்.

உங்கள் தொழில் எனக்குத் தெரியாததல்ல. பர்மா தேக்குத் தூணும் எனாமல் சட்டியும் ரவிவர்மா படமும் வந்த அதே வீடுகளில்தான் எண்பதுகளில் சிங்கப்பூர், மலேசியா, அமெரிக்கா என்று போன பிள்ளைகள் வாங்கி வந்த சாமான்களும் இருக்கின்றன. பத்துப் பதினைந்து பங்காளிகள் பாத்தியதை உள்ள வீட்டில் ஓர் அறையைப் பூட்டினால் பிறகு பாகம் பிரிக்கும்போதுதான் திறக்கிறார்கள், அதனால் வேறு ஊரில் எப்போதோ காயலான் கடைக்குப் போயிருக்க வேண்டியதெல்லாம் நம் பக்கத்தில் பத்திரமாகக் கிடக்கிறது. ஒரு வகையில் பங்காளிச் சண்டைக்கு நன்றி சொல்ல வேண்டும்.

சமீபத்தில் ஒரு கடையில் ஆப்பிள் கம்பெனியின் மேக்கின்டோஷ் பிளஸ் கம்ப்யூட்டர் ஒன்றைப் பார்த்தேன், சுருக்கமாக மேக் என்பார்கள். 1986-ல் வந்த மாடல். உள்ளே இருந்ததையெல்லாம் பிடுங்கி எடுத்துவிட்டு, ஹெரிடேஜ் ஹோட்டல்காரர் யாருக்கோ மீன்தொட்டி செய்துகொண்டிருந்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை, அந்த மாடலை ஆப்பிள் ஏராளமாக விற்றிருக்கிறது, ஒன்று மீன்தொட்டி ஆனால் உலகம் மூழ்கிவிடாது. கூட வந்த ஃப்ளாப்பி எங்கே என்று கேட்டேன். “அதையெல்லாம் அப்பவே போட்டாச்சு தம்பி” என்று பதில். அப்போதுதான் வயிறு எரிந்தது.

ஏன் என்று சொல்கிறேன். ஒரு கம்ப்யூட்டரை இன்னொரு கம்ப்யூட்டர் மாதிரி நடிக்க வைக்கும் மென்பொருளுக்கு எமுலேட்டர் என்று பெயர். மினி விமேக் என்று ஒன்று இலவசமாகவே கிடைக்கிறது, உங்கள் மீன்தொட்டி மேக்கை அப்படியே லேப்டாப் திரையில் கொண்டுவந்துவிடும்: கறுப்பு வெள்ளைத் திரை, மூலையில் குப்பைத்தொட்டி, மேலே மெனு வரிசை, எல்லாம். விண்டோஸ் 3.1 பார்க்க வேண்டுமானால் டாஸ்பாக்ஸ் போதும். ஆனால் எமுலேட்டர் என்பது வெறும் மேடைதான். நாடகம் வேண்டுமானால் இரண்டு சரக்கு வெளியிலிருந்து வர வேண்டும். ஒன்று, அந்த மெஷினின் ஆர்ஓஎம் சிப்பில் ஆலையிலேயே எழுதி வைத்த நிரல். நினைவகத்துக்குச் சொல்கிற ராம் வேறு, இது கரண்ட் போனாலும் அழியாதது. இன்னொன்று, ஃப்ளாப்பியில் இருப்பது.

இது இன்றைக்கு நேற்றைக்கு வந்த கதை இல்லை. 1984 ஜனவரியில் மேக்கின்டோஷ் வந்தது, அடுத்த ஆண்டே அடாரி கம்பெனியின் எஸ்டி என்ற கம்ப்யூட்டர் வந்தது. இரண்டிலும் இருந்தது மோட்டரோலா 68000 என்ற ஒரே சிப். ஒரே சிப் என்றால் பாதி வேலை முடிந்த மாதிரிதானே? டேவிட் ஸ்மால் என்ற அமெரிக்கர் எஸ்டியின் பக்கவாட்டில் சொருகும் ஒரு கார்ட்ரிட்ஜ் செய்தார், மேஜிக் சாக் என்று பெயர் வைத்தார். சொருகினால் அடாரி மேக்காகிவிடும். வேடிக்கை என்னவென்றால் வேஷம் போட்டது அசலைவிட நன்றாகவே ஆடியது. மேக்கின் திரை 512-க்கு 342 புள்ளி, எஸ்டியின் கறுப்பு வெள்ளைத் திரை 640-க்கு 400. சிப்பின் வேகம் மேக்கில் 7.83 மெகாஹெர்ட்ஸ், எஸ்டியில் 8. விலையும் எஸ்டிதான் குறைவு. ஆனால் அந்த கார்ட்ரிட்ஜை அவர் காலியாகத்தான் விற்க முடிந்தது. உள்ளே பொருத்த வேண்டிய ஆப்பிளின் ஆர்ஓஎம் சிப்புகளை வாங்குகிறவர்தான் எங்காவது தேடிப் பிடிக்க வேண்டும், அது இல்லாவிட்டால் கையில் இருப்பது வெறும் பிளாஸ்டிக். அது மட்டுமா, மேக்கின் ஃப்ளாப்பியை அடாரியால் படிக்கவே முடியாது. மேக்கின் டிரைவ் உள்வட்டத்துக்கு ஒரு வேகம், வெளிவட்டத்துக்கு ஒரு வேகம் என்று மாற்றி மாற்றிச் சுழலும், மற்றவர்களுடையது ஒரே வேகத்தில் சுழலும். இதைச் சமாளிக்க அவரே பிறகு ஸ்பெக்டர் ஜிசிஆர் என்று இன்னொரு கார்ட்ரிட்ஜ் கொண்டுவர வேண்டியிருந்தது. அதே காலத்து இன்னொரு கம்ப்யூட்டரான அமிகா வைத்திருந்தவர்களுக்கும் ஏ-மேக்ஸ் என்று இதே மாதிரி ஒன்று வந்தது, அதற்கும் ஆப்பிளின் சிப் வேண்டும்.

அமிகா என்றதும் இன்னொன்று. 1985-ல் வந்த அமிகா 1000-ஐ யாராவது கொண்டுவந்தால் மிக மிக ஜாக்கிரதை. வெளியிடுகிற அவசரத்தில் அதன் அடிப்படை நிரல் சிப்பில் ஏற்றுகிற அளவுக்குத் தயாராகவில்லை, அதனால் கிக்ஸ்டார்ட் என்று தனி ஃப்ளாப்பியிலேயே கொடுத்துவிட்டார்கள். ஆன் செய்ததும் அந்த ஃப்ளாப்பியைக் கேட்டு ஒரு கை படம் வரும். அதைப் போட்ட பிறகுதான் ஒர்க்பெஞ்ச் என்ற முகப்புக்கே, அதாவது ஐகானும் விண்டோவும் தெரிகிற திரைக்கே, போக முடியும். அந்த ஒரு ஃப்ளாப்பியை எடைக்குப் போட்டுவிட்டு மெஷினை நல்ல விலைக்கு விற்கிறேன் என்றால் என்ன சொல்ல? சாவி இல்லாத பெட்டகத்துக்கு நீங்கள் என்ன விலை கொடுப்பீர்கள்?

சரி, இந்தப் பழைய முகப்புகளைப் பார்த்து யாருக்கு என்ன ஆகப்போகிறது என்று கேட்பீர்கள். இன்றைக்கு உங்கள் போனில் விரலால் தட்டுகிற ஐகான்கள் எங்கிருந்து வந்தன என்று காட்ட வேறு வழி கிடையாது. ஜெராக்ஸ் கம்பெனியின் ஆல்டோ என்ற கம்ப்யூட்டர் 1973-ல் செய்தது, மவுஸ், விண்டோ எல்லாம் அதிலேயே உண்டு, ஏறத்தாழ 2000 மெஷின்தான் செய்தார்கள். அதன் பெரிய டிஸ்க் தட்டுகளை யாரோ தூக்கிப் போடாமல் வைத்திருந்ததால்தான் இன்றைக்கு கான்ட்ரால்டோ என்ற எமுலேட்டரில் ஒரு கல்லூரிப் பிள்ளைகூட அதை ஓட்டிப் பார்க்க முடிகிறது. படத்தில் பார்ப்பது வேறு, கையால் இழுத்துப் பார்ப்பது வேறு. 1985 நவம்பரில் வந்த முதல் விண்டோஸில் ஒரு விண்டோவின் மேல் இன்னொன்றை வைக்க முடியாது, தரையில் கல் பதித்த மாதிரி பக்கத்தில் பக்கத்தில்தான் நிற்கும். இதை எத்தனை தடவை எழுதினாலும் நம் பிள்ளைகளுக்குப் புரியாது, ஒரு தடவை இழுத்துப் பார்த்து அது வர மறுக்கும்போது புரிந்துவிடும். அதே சமயத்தில் டிஜிட்டல் ரிசர்ச் கம்பெனியின் ஜெம் என்ற முகப்பு ஆப்பிள் மிரட்டலுக்குப் பணிந்து பிசி பதிப்பில் தன் தோற்றத்தையே மாற்றிக்கொண்டது, அடாரியில் மட்டும் பழையபடியே இருந்தது. மாற்றுவதற்கு முந்தைய பிசி ஜெம் வேண்டுமானால் அந்த முதல் பதிப்பு ஃப்ளாப்பியைத்தான் நம்ப வேண்டும்.

இதெல்லாம் வெளியூர்ச் சரக்கு. அமெரிக்காவில் பல பேர் சேர்த்து வைத்திருக்கிறார்கள், இன்ஃபினிட் மேக் என்று பிரவுசரிலேயே மேக்கின் முதல் பதிப்பிலிருந்து ஒவ்வொன்றாக ஓட்டிக் காட்டுகிறார்கள். அவர்களிடம் இல்லாதது நம் சரக்கு.

தொண்ணூறுகளில் நம் ஊர் டிடிபி கடைகளில் அச்சான கல்யாணப் பத்திரிகை, கோயில் கும்பாபிஷேக மலர், மணிவிழா மலர், குடும்பங்களின் வம்சாவளி இதையெல்லாம் நினைத்துப் பாருங்கள். எழுத்துக்கெல்லாம் பொதுவான எண் தரும் யூனிகோட் புழக்கத்துக்கு வருவதற்கு முன்னால் தமிழ் ஃபான்ட் (எழுத்துரு) ஒவ்வொன்றும் ஒவ்வொரு தினுசு. ஒன்றில் ‘க’ உட்கார்ந்திருக்கும் இடத்தில் இன்னொன்றில் ‘ழ’ இருக்கும். 1999-ல் சென்னையில் தமிழ்நெட் மாநாடு நடந்து டாம், டாப் என்று தரம் நிர்ணயித்த பிறகும் எல்லோரும் மாறிவிடவில்லை. ஆகவே பக்கம் வடிவமைக்கிற பேஜ்மேக்கர் மென்பொருளின் ஃபைல் மட்டும் கிடைத்தால் போதாது, அதை அடித்தபோது இருந்த அதே ஃபான்டும் வேண்டும். இல்லாவிட்டால் திரையில் வருவது தமிழும் இல்லை, இங்கிலீஷும் இல்லை, வெறும் கொக்கியும் கோடும். விண்டோஸ் 3.1-ஐ எமுலேட்டரில் அரை மணி நேரத்தில் எழுப்பிவிடலாம். அதற்குள் போட வேண்டிய அந்தத் தமிழ் ஃபான்ட், லேபிளில் பால்பாயின்ட் பேனாவால் “தமிழ் எழுத்து – 2” என்று எழுதி ஏதோ ஒரு டப்பாவில் கிடக்கும். அதைத்தான் நீங்கள் எடைக்குப் போடுகிறீர்கள். விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்தில் சிடாக் என்ற மத்திய அரசு நிறுவனத்தின் ஜிஸ்ட் கார்டு என்று ஒன்றைக் கம்ப்யூட்டருக்கு உள்ளே பொருத்தித் தமிழ் காட்டினார்கள், அந்த கார்டு கண்ணில் பட்டால் தனியாக எடுத்து வையுங்கள். பார்க்கச் சாதாரணப் பச்சைப் பலகை மாதிரிதான் இருக்கும், விலைபோகாது, அதனாலேயே சொல்கிறேன்.

இனி என்ன செய்ய வேண்டும் என்பது. பெரிய வேலை ஒன்றும் இல்லை. எதையும் ஆன் செய்து பார்க்காதீர்கள், முப்பது வருஷம் தூங்கிய பவர் சப்ளையில் திடீரென்று கரண்ட் கொடுத்தால் புகைந்துவிடும். உள்ளே பேட்டரி இருந்தால் கழற்றிவிடச் சொல்லுங்கள், அது கசிந்து பலகையையே தின்றுவிடும். ஃப்ளாப்பியை வெயிலில் வைக்காதீர்கள், ஸ்பீக்கர் பக்கத்திலும் வேண்டாம், மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்காத இடமாகப் பாருங்கள். எந்தப் பெட்டியோடு எந்த டப்பா வந்ததோ அதை அதோடு சேர்த்தே கட்டி வையுங்கள், லேபிளைக் கிழிக்காதீர்கள்.

முக்கியமாக ஒன்று. கடைப் பையன் யாராவது ஆர்வத்தில் யூஎஸ்பி-யில் சொருகும் ஃப்ளாப்பி டிரைவ் வாங்கி வந்து போட்டுப் பார்ப்பான். மேக், அமிகா ஃப்ளாப்பிகளைப் போட்டால் விண்டோஸுக்கு அது புரியாது, “இந்த டிஸ்க் ஃபார்மட் செய்யப்படவில்லை, செய்யட்டுமா?” என்று மரியாதையாகக் கேட்கும். அவனும் மரியாதையாக ஆமாம் என்று தட்டுவான். முடிந்தது கதை. இந்த ஃப்ளாப்பிகளைப் படிக்க கிரீஸ்வீசில், கிரையோஃப்ளக்ஸ் மாதிரி தனிச் சாதனங்கள் இருக்கின்றன, அவை ஃபைலைத் தேடுவதில்லை, தட்டில் காந்தம் மாறுகிற இடங்களை அப்படியே பிரதி எடுக்கின்றன. மேக்கா அமிகாவா அடாரியா என்பதைப் பிறகு கம்ப்யூட்டரில் ஆற அமரப் பிரித்துக்கொள்ளலாம்.

இன்னொரு விஷயத்தையும் மறைக்காமல் பேசிவிடுவோம். ஃப்ளாப்பியில் வீட்டுக் கணக்கு இருக்கலாம், வட்டிக் கணக்கு இருக்கலாம், கடிதங்கள் இருக்கலாம். ஆகவே வீட்டாரிடம் விலை பேசும்போதே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வேண்டாம் என்று ஆச்சி சொன்னால் வேண்டாம், அவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம். படித்துப் பார்த்துவிட்டுச் சொந்த ஃபைல்களை அவர்களுக்கு மட்டும் கொடுத்து, மென்பொருளையும் ஃபான்டையும் மட்டும் வைத்துக்கொள்வதும் நடக்கிற காரியம்தான்.

கோட்டையூர் ரோஜா முத்தையாவை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நாடக நோட்டீஸும் பழைய பத்திரிகையும் கல்யாண அழைப்பும் சேர்த்தவர். அவர் காலமான பிறகு 1994-ல் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது, இன்றைக்குச் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது. அவர் எடுத்து வைத்ததில் பெரும்பகுதி அன்றைக்கு எடைக்குப் போகிற காகிதம்தான்.

இலவசமாகக் கொடுங்கள் என்று கேட்கவில்லை. உங்களுக்கும் வாடகை இருக்கிறது. எடைக்குப் போட்டால் என்ன கிடைக்குமோ அதைவிடக் கூடவே தருகிறேன், என்னிடம் விற்க மனம் இல்லையென்றால் ஒரு நாள் கொடுங்கள், பிரதி எடுத்துக்கொண்டு அசலை லேபிளோடு திருப்பித் தந்துவிடுகிறேன், பிறகு மெஷினோடு சேர்த்து முழு செட் என்று சொல்லி விலையை ஏற்றிக்கொள்ளுங்கள். ஹோட்டல்காரருக்கு மீன்தொட்டிதான் வேண்டும் என்றால் அதற்கும் ஆட்சேபம் இல்லை. சிப்பையும் டப்பாவையும் மட்டும் தனியே எடுத்து வைத்துவிட்டு அதற்கு என்ன விலை என்று சொல்லி அனுப்புங்கள்.