மோல்டு விசிலடித்த கதை

அன்புள்ள மைனா,

திட்ட ஆரம்பிக்காதே. பதினோரு மாசமா எழுதலை, ஒத்துக்கிறேன். நீ அனுப்பின நாலு பக்கத்துக்கு ஒரு வரி பதில்கூடப் போடலை, அதையும் ஒத்துக்கிறேன். இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி, எனக்குக் கழுத்துவலி, என் வீட்டுக்காரருக்கு வழக்கம்போல என்னால தலைவலி. நல விசாரிப்பு முடிஞ்சுது.

நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன், மைனா. அதை உன்கிட்ட சொல்லாம இருக்க முடியலை, சொல்லவும் தைரியம் வரலை. அதான் இத்தனை மாசம்.

நாலு வயசுப் பொண்ணு ஒருத்தி. ரெண்டு காதிலும் சிவியர் லாஸ், அதாவது கேட்கிறது ரொம்பவே குறைவு. ஹியரிங் எய்டும், அதைக் காதுக்குள்ள பொருத்துற மோல்டும் வச்சது நான்தான். ஃபிட்டிங் அவ்வளவு நல்லா வந்திருந்தது, எனக்கே கொஞ்சம் கர்வம். பேச்சுத் தெரபிக்கு என் கிளினிக்கிலிருந்து ரெண்டு தெரு தள்ளி ஒருத்திகிட்ட போய்க்கிட்டிருந்தா. அந்தத் தெரபிஸ்ட்டை நான் பார்த்ததே இல்லை. போர்டைப் பார்த்திருக்கேன். அவளும் என் போர்டைத்தான் பார்த்திருக்கா.

ஒருநாள் அவ பொறுக்க முடியாம என் வாசல்ல வந்து நின்னா. கையில ஒரு நோட்டு. "மேடம், இந்தக் குழந்தைக்கு 'ஸ்' வரவே மாட்டேங்குது. கண்ணாடி முன்னாடி உட்காரவச்சு நாக்கு எங்கே வைக்கணும்னு காட்டிக் காட்டி எனக்கே நாக்கு தள்ளிடுச்சு"ன்னா. நோட்டைப் பிரிச்சா. ஒவ்வொரு செஷனிலும் லிங் டெஸ்ட் போட்டிருக்கா, ஆறு சத்தம் சொல்லி எது எது கேட்குதுன்னு பார்க்கிறது, தேதியோட, ஒழுங்கா. ம், ஆ, ஊ, ஈ நாலுக்கும் டிக். ஜூனிலிருந்து ஷ், ஸ் ரெண்டுக்கும் பெருக்கல் குறி. பக்கம் பக்கமா பெருக்கல் குறி.

நான் என் ஃபைலை எடுத்தேன். ஜூன்ல என் கையெழுத்துல ஒரே ஒரு வரி: 'அம்மா போன். மோல்டு விசிலடிக்குதாம். வரச் சொன்னேன்.' அதுக்குக் கீழே காலி.

ரெண்டையும் மேஜைமேல பக்கத்துல பக்கத்துல வச்சோம். உனக்கு விளக்கவா வேணும்? காது வளர்ந்துது, மோல்டு லூசாச்சு, விசிலுக்குப் பயந்து அந்த அம்மா வால்யூமைக் குறைச்சுட்டாங்க. 4000 ஹெர்ட்ஸும் அதுக்கு மேலேயும் இருக்கிற 'ஸ்' காதுக்கே போய்ச் சேரலை. காதுல விழாத சத்தத்துக்கு ஏழு மாசம் அந்தத் தெரபிஸ்ட் நாக்கைத் திருத்திக்கிட்டிருந்திருக்கா. அவ, "இந்த லாஸுக்கு இவ்வளவுதான் கேட்கும்போல"ன்னு நினைச்சிருக்கா. நான், "திரும்பி வரலைன்னா விசில் நின்னிருக்கும்"னு நினைச்சிருக்கேன்.

அந்த அம்மாகிட்ட மெதுவா எடுத்துச் சொன்னேன். கோபப்படலை. "நீங்க ரெண்டு பேரும் பேசிக்குவீங்கன்னுல்ல நினைச்சேன்" அப்படின்னாங்க. திட்டியிருந்தா பரவாயில்லைன்னு இருந்துது.

புது மோல்டு போட்ட அன்னிக்கு அந்தத் தெரபிஸ்ட்டும் வந்து உட்கார்ந்தா. வாயை மறைச்சுக்கிட்டு 'ஸ்' சொன்னேன். சத்தம் கேட்டாப் போடணும்னு கையில கொடுத்திருந்த பிளாக்கை டப்பாவுல போட்டுது குழந்தை. டொக்குன்னு சத்தம். தெரபிஸ்ட் எழுந்து வெளியே போயிட்டா.

அதுக்கப்புறம் எனக்கு ராத்திரி தூக்கம் சரியில்லை. காலேஜில ஒரு ஆடியோகிராமுக்கு, எந்தச் சத்தம் எவ்வளவு கேட்குதுங்கிற அந்த ஒரு வரைபடத்துக்கு, நாலு பேர் அடிச்சுக்குவோமே. மாஸ்கிங் போடலைன்னு, அதாவது மத்தக் காதுல இரைச்சல் விட்டு அதை மறைக்கலைன்னு, நாம 'ஒட்டகம்'னு கூப்பிடுவோமே அவன் என் ஷீட்டை எத்தனை தடவை கிழிச்சிருக்கான். இப்போ யார் கிழிக்கிறா? பன்னிரண்டு வருஷமா பெராவில, அதான் சத்தத்துக்குக் காது நரம்பிலும் மூளைத்தண்டிலும் எழுற அலைகளைப் பார்க்கிற டெஸ்ட்ல, நான் எதை ஐந்தாம் அலைன்னு குறிக்கிறேனோ அதுதான் ஐந்தாம் அலை. இல்லைன்னு சொல்ல ஆளில்லை. நாலு சுவருக்குள்ள நானும் மெஷினும். டாக்டர்னா வார்டுல இன்னொரு டாக்டர் இருப்பார், டீச்சர்னா ஸ்டாஃப் ரூம் இருக்கும். நமக்கு சவுண்ட்ப்ரூஃப் ரூம்! சிரிக்காதே.

அதான் ஒரு கூட்டம் ஆரம்பிச்சிருக்கேன். மாசம் முதல் சனிக்கிழமை, என் வெயிட்டிங் ரூம்ல. பதினோரு பேரைக் கூப்பிட்டேன். நாலு பேர் வந்தாங்க. ஒருத்தர் ஞாயித்துக்கிழமை வந்து பூட்டைப் பார்த்துட்டுப் போனார்.

முதல் கூட்டம் படுமோசம். காது கோஷ்டி ஒரு சுவரோரம், வாய் கோஷ்டி எதிர்ச் சுவரோரம். ஹாஸ்டல் மெஸ்ஸை அப்படியே தூக்கி வச்ச மாதிரி. ஆளாளுக்குத் தன் கிளினிக் பெருமை. கண்ணைப் பார்த்தாலே தெரியுது, என் பேஷன்ட்டை யார் கொத்திக்கிட்டுப் போவான்னு கணக்குப் போடுறாங்க. வேற வழியில்லாம மோல்டு கதையைச் சொன்னேன். ஒரு நிமிஷம் மூச்சுப் பேச்சில்லை. அப்புறம் நம்மைவிடப் பத்து வருஷம் சீனியர் ஒருத்தர் தொண்டையைச் செருமினார். "ஆறு மாசத்துக்குக் கீழே இருக்கிற குழந்தைக்கு 1000 ஹெர்ட்ஸ் ப்ரோப் போடணும்னு தெரியும். நடுக்காதைச் சோதிக்கிற என் டிம்பனோமீட்டர்ல அந்த ஒலி கிடையாது. 226-லயே பார்த்து நார்மல்னு எழுதியிருக்கேன், பல தடவை"ன்னார். அவர் வாயால அது வரும்னு நான் கனவுலகூட நினைக்கலை. அதுக்கப்புறம் கூட்டம் முடிய ரெண்டு மணி நேரம் ஆச்சு.

மூணாவது கூட்டம் உனக்குப் பிடிச்சிருக்கும், உன் ஏரியா. விழுங்குறதுல சிரமம் உள்ளவங்களுக்குத் தண்ணியைக் கெட்டியாக்கிக் கொடுக்கறோமே, ஆளுக்கொரு டம்ளர்ல பவுடரைக் கலக்கி 'கொஞ்சம் கெட்டி' பண்ணுங்கன்னேன். கெட்டியை லெவல் லெவலாப் பிரிக்கிற உலகப் பொது அளவுகோல் ஐடிடிஎஸ்ஐ, அதோட சிரிஞ்சு டெஸ்ட்: 10 மி.லி. ஊத்தி, 10 விநாடி விட்டு, மீதி எவ்வளவுன்னு பார்க்கிறது. (அளவுக் கோடு 61.5 மி.மீ. நீளம் இருக்கான்னு பார்க்க ஒருத்தி ஸ்கேலோட வந்திருந்தா. உன் ஜாதி.) ஒருத்தருக்கு மீதி 2 மி.லி., ஒருத்தருக்கு 5, இன்னொருத்தருக்கு 9. நம்ம சீனியரோடது சொட்டவே இல்லை. சிரிஞ்சைக் கவிழ்த்துத் தட்டியும் பார்த்தார். லெவல் ஒண்ணுலேர்ந்து நாலு வரைக்கும் ஒரே மேஜைமேல, நாலுக்கும் பேர் 'கொஞ்சம் கெட்டி'! ஒரே பேஷன்ட் இந்த மாசம் இவகிட்டயும் அடுத்த மாசம் அவர்கிட்டயும் போனா என்ன ஆகும்? சிரிச்சுக்கிட்டே இருந்தவங்க அப்படியே அமைதியாயிட்டாங்க.

சண்டையும் உண்டு. ஒரு ஹியரிங் எய்டு கம்பெனிக்காரர் ஹால், சாப்பாடு எல்லாம் நான் பார்த்துக்கிறேன்னு வந்தார். ரெண்டு பேர் சரின்னாங்க. நான் கூடாதுன்னேன். அவர் ஏசி போட்டார்னா யார் வாயிலேர்ந்தும் தப்பு வராது, பிரசன்டேஷன்தான் வரும். ஒருத்தர் கோவிச்சுக்கிட்டுப் போனவர் போனவர்தான். கூட்டத்துல வயசுல சின்னவங்களுக்கு மார்ச் 3 உலகச் செவித்திறன் தினத்துக்கு பேனர் கட்டி கேம்ப் போடணும். போடட்டும். 3, 3 ரெண்டும் ரெண்டு காது மாதிரி இருக்கிறதாலதான் அந்தத் தேதின்னு சொன்னேன், என்னமோ நானே கண்டுபிடிச்ச மாதிரி பார்த்தாங்க. ஆனா கேம்ப்ல பிடிச்ச குழந்தை ஏப்ரல்ல எங்கே இருக்குன்னு யார் பார்க்கிறதுன்னு கேட்டா, பதில் இல்லை.

வைவாவில பெரியசார் உன்னைக் கேட்டாரே, நம்ம துறைக்கு உலக அளவில சங்கம் ஆரம்பிச்சது யாருன்னு. நீ முழிச்ச முழி! 1924, வியன்னா, எமில் ஃப்ரோஷெல்ஸ். இப்போ அந்த மனுஷனை நினைச்சாப் பாவமா இருக்கு. அவரும் முதல் கூட்டத்துக்கு வீடு வீடா ஆள் அனுப்பியிருப்பாரோ என்னவோ.

ஏன்னா என் பயமே அதுதான். போன மாசம் எனக்குக் காய்ச்சல். கூட்டம் நடக்கலை. யாரும் சாவி கேட்கலை, யாரும் யாருக்கும் போன் பண்ணலை. காய்ச்சல் விட்டதும் மறுபடி நானே எல்லாரையும் கூப்பிட்டேன், எல்லாரும் சந்தோஷமா வந்தாங்க. அப்போ இது கூட்டமா, இல்லை நான் பதினோரு பேருக்குப் போடுற போனா?

மூணு வருஷம் முன்னாடி நீ உன் ஊர்ல இதே மாதிரி ஒண்ணு ஆரம்பிச்சே. நான் "உனக்கு வேற வேலை இல்லையா"ன்னு கேட்டு ஒரு பக்கம் கிண்டல் எழுதினேன். அதுக்கப்புறம் நீ அதைப் பத்திப் பேசவே இல்லை, நானும் கேட்கலை. மன்னிச்சுக்கோ. இப்போ கேட்கிறேன். அது எப்படி நின்னுது? ஒரே நாள்ல நின்னுதா, ஒவ்வொருத்தரா வராமப் போனாங்களா? முதல்ல வராமப் போனது யார், ஏன்? மறைக்காம எழுது. நாலு பக்கம் எழுதினாலும் இந்தத் தடவை உடனே பதில் போடறேன், ஒட்டகத்தின் மேல சத்தியமா.

உன்
பழைய ரூம்மேட்