பிரஸ் வாங்குவதற்கு முன்

எஸ்லிங்கன், ஜெர்மனி

அன்பும் மதிப்பும் நிறைந்த பெரியப்பா அவர்களுக்கு,

வணக்கம். நான் இங்கு நலம். தாங்களும் பெரியம்மாவும் நலமென நம்புகிறேன். நம் கணபதிப் பட்டறைக்கு, தண்டில் பேரிங்கை அழுத்தி ஏற்றும் பிரஸ் இரண்டாவதாக ஒன்று வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். நான் இங்கே பார்க்கும் வேலையே அந்தக் கேள்விக்கு விடை தேடுவதுதான் என்பதால், போனில் அவசரமாகச் சொல்லாமல் எழுதுகிறேன்.

ஊர் ஸ்டுட்கார்ட்டை அடுத்து நெக்கார் ஆற்றங்கரையில் இருக்கிறது; ஒரு பக்கம் திராட்சைத் தோட்டச் சரிவு, மறுபக்கம் ஆலைகள். குளிர்காலத்தில் இருட்டோடு வேலைக்குப் போய் இருட்டோடு திரும்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை கடைகளை அடைத்துவிடுவதால் அரிசி பருப்பெல்லாம் சனிக்கிழமைக்குள் வாங்கிவிட வேண்டும். மற்றபடி குறையில்லை.

எங்கள் ஆலையில் சிறு மின்மோட்டார்கள் அசெம்பிளி ஆகின்றன. லைனில் எதையும் நகர்த்துவதற்கு முன் அந்த லைனையே கணினிக்குள் கட்டி ஓட்டிப் பார்ப்பது என் பொறுப்பு. மோட்டாரின் அசையாத பாகமான ஸ்டேட்டரைப் பொருத்தும் இடம், சுழலும் பாகமான ரோட்டாரை இறக்கும் இடம், பிரஸ், டெஸ்டிங் பெஞ்ச் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மோட்டாருக்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது, எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை நிற்கிறது, நின்றால் மீண்டும் ஓட எவ்வளவு நேரமாகிறது என்பதைக் கொடுத்துவிட்டால், ஒரு மாத வேலையைச் சில நிமிடங்களில் திரையில் ஓட்டிவிடலாம். இது புதிய வித்தையும் அல்ல. ஐபிஎம் கணினி நிறுவனத்தில் ஜெஃப்ரி கார்டன் 1961-லேயே இதற்கென ஜிபிஎஸ்எஸ் என்ற கணினி மொழியை உருவாக்கிவிட்டார்.

இதில் நான் கற்றது ஒன்றுதான்: சராசரியை நம்பிக் கணக்குப் போட்டால் லைன் ஏமாற்றிவிடும். அடுத்தடுத்து இரண்டு இயந்திரங்கள், இரண்டுக்கும் சராசரி 3 நிமிடம் என்றால், மணிக்கு 20 உருப்படி வரும் என்றே யாரும் சொல்வோம். ஆனால் ஒரு உருப்படி ஒரு நிமிடத்திலும் அடுத்தது ஏழு நிமிடத்திலும் முடிவதாக நேரம் பெரிதும் சிதறி, நடுவில் உருப்படி வைக்க இடமும் இல்லாவிட்டால், கணிதத்தில் அடுக்குக்குறிப் பரவல் என்று சொல்லும் சிதறலுக்கு, 13 சொச்சம்தான் வரும். முன்னது முடித்ததை வைக்க இடமின்றி நிற்கும். பின்னது வேலையின்றி நிற்கும். நடுவே ஒரு உருப்படிக்கு இடம் விட்டால் 15, மூன்றுக்கு விட்டால் 16-17 வரை போகும். பத்துக்கு விட்டாலும் 20-ஐத் தொடாது. நம் பட்டறையில் இவ்வளவு சிதறல் இருக்காது என்றாலும் போக்கு இதுதான். கரண்ட் வரும் நேரம் நம் கையில் இல்லாததால் கிணற்றுத் தண்ணீரைத் தொட்டியில் ஏற்றி வைத்துப் பாய்ச்சுகிறோமே, அந்தத் தொட்டியின் வேலையைத்தான் இந்த இடைவெளி செய்கிறது.

சென்ற மாதம் இங்கும் ஒரு பிரஸ் மீதுதான் எல்லோரும் பழி போட்டார்கள். திரையில் ஓட்டியபோது பிரஸ் பாதி நேரம் மஞ்சளாகவே நின்றது. மஞ்சள் என்றால் வேலை முடிந்தும் அடுத்த இடம் காலியாகாமல் காத்திருக்கிறது என்று பொருள். தடை டெஸ்டிங்கில் இருந்தது; ஒரு மோட்டார் பெயிலானால் அதைக் கழற்றி மாட்டும்வரை பெஞ்சே முடங்கியது. பெயிலானவற்றை ஒதுக்கி வைக்க ஒரு ரேக் போட்டதோடு பிரஸ் பேச்சு நின்றுபோனது.

மாடல் சொல்வதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்புவதில்லை. காலி லைனில் தொடங்குவதால் முதல் சில மணி நேரக் கணக்கைத் தள்ளிவிடுகிறோம். நேரச் சிதறலை உண்டாக்கும் தற்செயல் எண்களை மாற்றி மாற்றிப் பலமுறை ஓட்டுகிறோம். கடந்த மாத உற்பத்தியோடு ஒத்துப்போன பிறகே புதிய யோசனையைச் சோதிக்கிறோம். தொழிலாளர்களின் நேரத்தைக் கருவி வைத்துப் பதிவு செய்ய அவர்கள் தேர்ந்தெடுத்த மன்றத்தின் சம்மதம் வேண்டும் என்பது இந்நாட்டுச் சட்டம். தொடக்கத்தில் எனக்கு இது வீண் தாமதமாகத் தெரிந்தது. ஆனால் எதற்காக அளக்கிறோம் என்று தெரிந்த ஆள் கையை வேண்டுமென்றே மெதுவாக்குவதில்லை, கணக்கும் சுத்தமாக வருகிறது.

ஆகவே பிரஸ்ஸுக்கு இப்போது முன்பணம் கொடுக்க வேண்டாம். நான்கு வாரத்துக்கு ஒரு நோட்டுப் போட்டு, பிரஸ்ஸும் டெஸ்டிங் பெஞ்சும் எப்போது நின்றன, எப்போது ஓடின, ஏன் நின்றன என்று ஃபோர்மேன் அண்ணனை எழுதச் சொல்லுங்கள். சாமான் வராமல் நின்றதையும், வைக்க இடமில்லாமல் நின்றதையும் தனித்தனியாக எழுத வேண்டும். யார் வேலையையும் குறை சொல்வதற்கு அல்ல என்று ஆட்களிடம் தாங்களே முதலில் சொல்லிவிடுங்கள். பக்கங்களைத் தம்பி படம்பிடித்து அனுப்பினால், நான் ஓட்டிப் பார்த்துவிட்டு, பிரஸ் தேவையா அல்லது ரேக்கே போதுமா என்று எழுதுகிறேன்.

பெரியம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள தம்பி மகன்