ஒரு நோயாளியின் ஒவ்வாமைக் குறிப்பு மற்றவர்களின் கோப்பில் ஏறுவது குறித்த புகார்

அனுப்புநர்:
நிர்வாகி, தனியார் கிளினிக், தஞ்சாவூர்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, கிளினிக் நிர்வாக மென்பொருள் நிறுவனம்.

பொருள்: நோயாளிகளின் கோப்புகள் ஒன்றோடொன்று கலப்பது – உடனடி நடவடிக்கை கோருதல்.

ஐயா / அம்மையீர்,

உங்கள் மென்பொருளில் ஒரு நோயாளியின் கோப்பில் எழுதுவது, அவரோடு எந்தத் தொடர்பும் இல்லாத மற்றவர்களின் கோப்புகளிலும் ஏறிவிடுகிறது. தொலைபேசியில் பலமுறை முறையிட்டேன். "வரவேற்பில் இருக்கும் பெண் தவறாகப் பதிந்திருப்பார்", "சர்வரை ஒருமுறை நிறுத்தி இயக்குங்கள்" என்பதைத் தாண்டி உங்கள் ஊழியர்கள் எதுவும் சொல்லவில்லை. அதனால் எழுத்தில் தருகிறேன்.

காய்ச்சலுக்காக வந்த ஒரு பெண்மணி, தனக்குப் பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது என்று டாக்டரிடம் சொன்னார். டாக்டர் அதை அவருடைய கோப்பில் சேர்த்தார். சற்று நேரத்தில் தொண்டை வலியோடு வந்த ஒரு சிறுவனின் மருந்துச்சீட்டிலும் அதே எச்சரிக்கை அச்சாகி வந்தது. அப்படி எதுவும் கிடையாது என்று சிறுவனின் தாய் உறுதியாகச் சொல்லவே, டாக்டர் அந்த வரியை நீக்கினார். நீக்கியது சிறுவனின் கோப்பில். ஆனால் அந்தப் பெண்மணியின் கோப்பிலிருந்தும் அது அழிந்துபோனது. மாலையில் அவர் ரத்தப் பரிசோதனை முடிவோடு திரும்பியபோது பணியில் இருந்தவர் வேறொரு டாக்டர். கோப்பில் எச்சரிக்கை இல்லாததால் அமாக்ஸிசிலின் எழுதிக்கொடுத்தார். அதுவும் பெனிசிலின் வகை மருந்துதான். மருந்து வாங்கும் இடத்தில் அந்தப் பெண்மணியே விசாரித்ததால் தப்பித்தார். கேட்கத் தெரியாத ஒரு முதியவராக இருந்திருந்தால்?

நான் முன்பு நிரல் எழுதும் வேலையில் இருந்தவன். ஒப்பந்தப்படி மூல நிரலையும் நீங்கள் எங்களுக்குக் கொடுத்திருப்பதால் திறந்து பார்த்தேன். நோயாளி என்ற கிளாஸின் (ஒவ்வொரு நோயாளியின் பதிவையும் உருவாக்கும் வார்ப்பு) தொடக்கச் செயற்கூறில், அதாவது புதிய பதிவு உருவாகும்போது ஓடும் நிரல் பகுதியில், ஒவ்வாமைப் பட்டியலுக்கு இயல்பு மதிப்பாக (எதுவும் தராதபோது தானாக எடுத்துக்கொள்ளும் மதிப்பு) ஒரு வெற்றுப் பட்டியலை எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் பயன்படுத்தியிருக்கும் பைத்தான் நிரல்மொழி அந்த இயல்பு மதிப்பை ஒவ்வொரு அழைப்பின்போதும் புதிதாக உருவாக்குவதில்லை. செயற்கூறு வரையறுக்கப்படும்போது ஒரே ஒருமுறைதான் உருவாக்குகிறது. ஆகவே ஒவ்வாமை எதுவும் குறிப்பிடாமல் பதிவாகும் நோயாளிகள் அனைவரின் ஆப்ஜெக்ட்டும் (அந்த வார்ப்பிலிருந்து உருவாகும் தனித்தனிப் பதிவு) நினைவகத்தில் உள்ள அந்த ஒரே பட்டியலைத்தான் சுட்டுகிறது. ஆளுக்கொரு சீட்டு தருவதாகச் சொல்லி, ஒரே சீட்டை எல்லோர் கையிலும் பிடிக்கக் கொடுத்ததற்குச் சமம் இது. ஒருவர் எழுதினால் எல்லோருக்கும் தெரியும். ஒருவர் அழித்தால் எல்லோருக்கும் போய்விடும்.

பதிவின்போதே ஒவ்வாமையைச் சொன்னவர்களின் கோப்புகள் ஒன்றுகூடக் கெடவில்லை. அவர்களுக்குத் தனிப் பட்டியல் கிடைத்துவிடுவதே காரணம். சர்வரை நிறுத்தி இயக்கியதும் சரியாகிவிட்டது போலத் தோன்றுவதற்கும் இதுவே விளக்கம்: நிரல் மறுபடி ஏறும்போது புதிய வெற்றுப் பட்டியல் பிறக்கிறது, அடுத்த நோயாளி வந்ததும் பழைய கதை தொடங்குகிறது. எங்கள் வரவேற்பாளர் ஒரு எழுத்தைக்கூடத் தவறாகத் தட்டவில்லை. உங்கள் பேச்சை நம்பி டாக்டர்கள் அவரைக் கடிந்துகொண்டார்கள் என்பதை நினைத்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது.

இது யாருக்கும் தெரியாத நுணுக்கம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. பைத்தானின் அதிகாரப்பூர்வப் பாடத்திலேயே இதற்கு எச்சரிக்கை இருக்கிறது. பைலின்ட் போன்ற சோதனைக் கருவியை ஓடவிட்டிருந்தால் அந்த வரியைச் சுட்டிக்காட்டியிருக்கும். 2018-இல் வந்த பைத்தான் 3.7-இன் டேட்டாகிளாஸ் (கிளாஸ்களைச் சுருக்கமாக எழுத உதவும் வசதி), பட்டியலை இயல்பு மதிப்பாகக் கொடுத்தால் பிழை என்று சொல்லி ஏற்க மறுக்கிறது. இயல்பு மதிப்பை 'நன்' (None, மதிப்பு எதுவும் இல்லை) என்று வைத்து, செயற்கூறுக்குள் புதிய பட்டியலை உருவாக்கினால் போதும். இரண்டு வரி வேலை.

சென்ற வாரம் நீங்கள் அனுப்பிய புதுப்பிப்பில் அந்த இரண்டு வரிகளைச் சேர்த்திருக்கிறீர்கள். ஆனால் 'மறுவருகை' பொத்தானைத் தொடவே இல்லை. அது முந்தைய வருகையின் பதிவை மேலோட்டமாக மட்டும் நகலெடுக்கிறது. வெளி ஆப்ஜெக்ட் புதிது, உள்ளே இருக்கும் மருந்துப் பட்டியல் பழையதேதான். இன்று 500 மில்லிகிராமை 250 ஆகக் குறைத்தால், போன மாதம் கொடுத்த அளவும் 250 என்று மாறிவிடுகிறது. நோயாளி உண்மையில் என்ன சாப்பிட்டார் என்பதற்கு எங்களிடம் இருக்கும் ஒரே சான்று அந்தப் பதிவு. அங்கே ஆழ்நகல், அதாவது உள்ளே இருக்கும் பட்டியலையும் சேர்த்துப் புதிதாக்கும் நகல், எடுக்க வேண்டும்.

ஒரு வரியை ஒட்டுப்போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளாமல், எந்தெந்த ஆப்ஜெக்ட்டுகள் எதைப் பகிர்ந்துகொள்கின்றன என்று நிரல் முழுவதையும் சோதித்து அறிக்கை தாருங்கள். ஏற்கெனவே கெட்டுப்போன கோப்புகளைச் செயல்பாட்டுப் பதிவேட்டின் துணையோடு அடையாளம் காட்டுங்கள். நாங்கள் ஒவ்வொரு நோயாளியையும் அழைத்துச் சரிபார்க்கிறோம். இதே மென்பொருளைப் பயன்படுத்தும் மற்ற கிளினிக்குகளுக்கு இன்றே எச்சரிக்கை அனுப்புங்கள், அவர்களுக்கு இது இன்னும் தெரியாமல் இருக்கலாம். எங்கள் வரவேற்பாளர் மீது சுமத்திய பழியை எழுத்து மூலம் திரும்பப் பெறுங்கள்.

இவை நடக்கும்வரை ஆண்டுப் பராமரிப்புக் கட்டணத்தை நிறுத்திவைக்கிறேன். ஒவ்வாமை விவரங்களை இப்போது காகிதத்தில் எழுதி வருகிறோம். பதினைந்து நாட்களுக்குள் எழுத்துபூர்வமான பதில் வராவிட்டால் எங்கள் வழக்கறிஞர் மூலம் நோட்டீஸ் வரும்.

இப்படிக்கு,
கிளினிக் நிர்வாகி

இணைப்பு: இரு நோயாளிகளின் மருந்துச்சீட்டு நகல்கள் (பெயர் மறைக்கப்பட்டவை), குறிப்பிட்ட நிரல் பகுதிகளின் அச்சுப்படி.