கல்லா, எலும்பா, ஒன்றுமில்லையா? திருமலையிலிருந்து ஒரு திறந்த மடல்

பேராதனைப் பல்கலைக்கழகப் புவிச்சரிதவியல் துறை ஆசிரியர்களுக்கும், கொழும்பு தேசிய நூதனசாலையின் இயற்கை வரலாற்றுச் சேகரிப்பைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும்,

வணக்கம்.

நாங்கள் திருகோணமலை மாவட்டத்தில் கடற்கரை, ஆற்றங்கரை, கிணறு வெட்டிய மண்மேடு என்று கண்ட இடத்திலெல்லாம் குனிந்து பார்க்கிறவர்கள். எங்களில் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். மூதூர்ப் பக்கம் கரைவலை இழுக்கும் ஒருவர், நிலாவெளியில் ஓட்டோ ஓடும் ஒருவர், உயர்தர வகுப்பில் உயிரியல் படிக்கும் பிள்ளைகள் சிலர் இருக்கிறார்கள். புவிச்சரிதவியல் படித்தவர் யாருமில்லை. எங்கள் வீடுகளில் பிஸ்கட் டின்களிலும் ஐஸ்கிரீம் பெட்டிகளிலும் நிறைய சேர்ந்துவிட்டது. அவற்றில் எது உயிர்ச்சுவடு (கல்லில் தங்கிய பழங்கால உயிரின் மிச்சம்), எது வெறும் கல், எது போன வருடம் செத்த மாட்டின் பல் என்று பிரித்துச் சொல்ல ஆள் வேண்டும். அதைக் கேட்கத்தான் இந்த மடல்.

பெரும்பாலானவை ஒன்றுமில்லாதவை என்பது எங்களுக்கே தெரியும். இலங்கை நிலப்பரப்பில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு முன்கேம்பிரியன் காலத்து, அதாவது ஓடும் எலும்பும் உள்ள உயிர்கள் பெருகுவதற்கு முந்திய காலத்துப் பளிங்குருப் பாறை. கோணேசர் கோயில் நிற்கும் மலை குவாட்சைற்று. ஒரு காலத்தில் மணலாகக் கிடந்தது, பிறகு நிலத்தின் அடியாழத்தில் 800 பாகை செல்சியஸ் அளவு வெப்பத்தில் வெந்து இறுகி, இன்றைய உருவத்தை எடுத்தது. அந்த வேக்காடு நடந்தது ஏறத்தாழ 55 கோடி முதல் 61 கோடி ஆண்டுகளுக்கு முன். அந்த மணலில் ஏதாவது நுண்ணுயிர் வாழ்ந்திருந்தாலும் அதன் அடையாளம் தப்பியிருக்க வழியில்லை. ஆகவே "இராவணன் வெட்டுக்குக் கீழே டைனோசர் எலும்பு கிடைத்திருக்கிறது" என்று யாராவது படம் அனுப்பினால் நாங்களே சிரித்துவிட்டு ஒதுக்கிவிடுகிறோம். (பெரிய எலும்பு எதைக் கண்டாலும் அது இராவணனுடையது என்று சொல்ல இங்கே ஓர் ஆள் எப்போதும் இருப்பார். அவரையும் சமாளித்துக்கொள்கிறோம்.)

ஏமாற்றும் கற்கள் சிலவற்றையும் அடையாளம் கண்டுகொள்ளப் பழகிவிட்டோம். நார் நாராகப் பிரியும் வெளிறிய கல்லைப் பார்த்தவுடன் எல்லோரும் கல்மரம் என்பார்கள். தமிழ்நாட்டுத் திருவக்கரைக் கல்மரத்தைப் படத்தில் பார்த்த பழக்கம். எங்கள் பக்கத்தில் அது பெரும்பாலும் சில்லிமனைட் கனிமம். பாறை வெடிப்பில் சின்னப் பன்னம்போல் கறுப்பாகப் படர்ந்திருப்பது மங்கனீஸ் ஒட்சைட்டு வரைந்த கோலம், இலை இல்லை. வினாகிரி ஒரு துளி விட்டுப் பார்க்கிறோம்: நுரைத்தால் சுண்ணாம்பு, நுரைக்காவிட்டால் குவாட்ஸ் அல்லது வேறொன்று. எலும்பு என்று சந்தேகம் வந்தால் நாக்கில் ஒட்டிப் பார்க்கும் முறையும் உண்டு. நுண்துளை உள்ளது ஒட்டும், கல் ஒட்டாது. மாட்டுப் பல்லாக இருக்கலாம் என்று தெரிந்தபிறகு அந்தப் பரிசோதனையைச் செய்ய எங்களில் ஆள் குறைந்துவிட்டது.

சரி, அப்படியானால் திருமலையில் தேட என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். கொஞ்சம் இருக்கிறது.

ஏறத்தாழ 6,000 ஆண்டுகளுக்கு முன் இலங்கைக் கரையோரத்தில் கடல்மட்டம் இன்றைவிடச் சற்று உயர்ந்து நின்றது. கிண்ணியா, மூதூர், வெருகல் பக்கம் தாழ்வான நிலத்தில் கிணறு தோண்டும்போது மண்ணுக்குக் கீழே சிப்பிப் படை தட்டுப்படுகிறது. கரையிலிருந்து நன்றாக உள்ளே வந்த இடங்களிலும் தட்டுப்படுகிறது. பத்தாயிரம் ஆண்டுக்கு உட்பட்டதை உயிர்ச்சுவடு என்று சொல்வதில்லை என்று நீங்கள் சொல்லலாம். சொல்லுங்கள், ஏற்றுக்கொள்கிறோம். ஆனால் அது பழைய கடற்கரை நின்ற இடமா, அல்லது யாரோ சிப்பி தின்று கொட்டிய குப்பைமேடா, அல்லது மகாவலி வெள்ளம் ஒதுக்கிய வண்டலா என்பதைப் படையைப் பார்த்துச் சொல்ல உங்களால் முடியும். கிணற்றுக்கு வளையம் இறக்குவதற்குள் ஒரு படம் எடுத்து, ஆழத்தை அளந்து வைக்க எங்களால் முடியும். வளையம் இறங்கிவிட்டால் அந்தப் படை யாருக்கும் இல்லை.

இன்னொரு வகை, லொறியில் வருகிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து மேற்குக் கரையோரமாகப் புத்தளம்வரை நீளும் மயோசின் காலத்துச் சுண்ணாம்புக்கல்லில், 2.3 கோடி முதல் 53 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்ட கடலில் வாழ்ந்த சிப்பி, நத்தை, முருகைக்கல், நுண்ணுயிர் ஓடு எல்லாம் நிறைந்திருக்கின்றன. அந்தக் கல் மதில் கட்டவும் நிலம் நிரப்பவும் இங்கே வந்து சேர்கிறது. எங்கள் சேகரிப்பில் உண்மையான உயிர்ச்சுவடு என்று நாங்கள் துணிந்து சொல்லக்கூடியவை அநேகமாக இப்படி வந்தவைதான். காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை அரைத்ததும் அதே சுண்ணாம்புக்கல்லைத்தான். அந்தச் சீமெந்து வாங்கிப் பூசிய பழைய திருமலை வீட்டுச் சுவர்களுக்குள் அந்தக் கடல் பொடியாகக் கிடக்கிறது. இதை நினைத்து நாங்கள் சந்தோஷப்படுவோம். வீட்டுக்காரர்களுக்கு இதில் பெரிய ஆர்வம் இருப்பதில்லை.

இனி, உங்கள் கண் கட்டாயம் தேவைப்படும் ஒரு பொருள். கற்பிட்டிப் பக்கம் வேலை செய்துவிட்டு வந்த ஒருவர் ஒரு விலா எலும்புத் துண்டைக் கொண்டுவந்து தந்தார். கையில் எடுத்தால் கல்லின் பாரம். முறிந்த முகத்தில் மச்சைக் குழி இல்லை, முழுக்க அடர்த்தி. பார்த்தவுடன் கல்லாகிப்போன எலும்பு என்று குதித்தோம். பிறகு படித்துப் பார்த்தால், ஆவுளியா என்கிற கடற்பசுவின் விலா எலும்பு உயிரோடு இருக்கும்போதே அப்படித்தான். நீருக்குள் அமிழ்ந்து மேய்வதற்கு அந்தப் பாரம் உதவுகிறது. அப்படியென்றால் இது அண்மையில் கரையொதுங்கிய ஆவுளியாவாக இருக்கலாம். ஆனால் புத்தளத்துக்கு வடக்கே அருவக்காலுவில், மயோசின் சுண்ணாம்புப் படையிலிருந்தும் கடற்பசு எலும்புகள் கிடைத்திருக்கின்றன. ஒன்று சில பத்தாண்டு, மற்றது கோடி ஆண்டுக்கும் மேல். இரண்டும் ஒரே கரையில், ஒரே நிறை, ஒரே நிறம். வினாகிரியும் நாக்கும் இதற்குத் தீர்வு சொல்லாது. வெட்டுமுகத்தை நுணுக்குக்காட்டியில் பார்க்கத் தெரிந்த ஒருவர் சொல்லிவிடுவார்.

திமிங்கிலத்தின் காது எலும்பும் இப்படித்தான். திருமலைக்கு வெளியே ஆழ்கடல் பள்ளத்தாக்கு கரைக்கு மிகக் கிட்டத் தொடங்குவதால் நீலத்திமிங்கிலம் இங்கே அருகிலேயே வருகிறது. செத்தால் மற்ற எலும்பெல்லாம் உக்கிப்போன பிறகும் காது எலும்பு மிஞ்சும், அவ்வளவு அடர்த்தி. பெரிய சோழி வடிவத்தில் மணலில் கிடப்பதை எடுத்துவந்து, சங்கு கல்லாகிவிட்டது என்று நம்பி அலுமாரியில் வைத்திருப்பவர்கள் இந்த ஊரில் உண்டு.

எங்கள் அனுபவத்தையும் சொல்ல வேண்டும். படங்களை அச்சடித்து ஓர் அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். பதில் வரவில்லை. வேறோர் இடத்திலிருந்து ஒரு வரி வந்தது, சிங்களத்தில். தெரிந்தவரிடம் கொடுத்து வாசித்தால், உரிய நிறுவனத்தை நாடவும் என்று இருந்தது. உரிய நிறுவனம் எது என்று கேட்கத்தானே எழுதியிருந்தோம்! இன்னோரிடத்தில் ஒரு நல்ல மனிதர் போனிலேயே, "தம்பி, அது சும்மா கல்லு" என்றார். அவரிடம் எங்களுக்கு ஒரு மனவருத்தமும் இல்லை, அவர் சொன்னது சரியாகத்தான் இருக்கும். ஆனால் எதை வைத்துச் சொன்னார் என்று தெரிந்திருந்தால் அடுத்த பத்துக் கற்களை அவரிடம் காட்டாமலே நாங்கள் வீசியிருப்போம். நாங்கள் கேட்பது அந்தக் காரணத்தைத்தான். இல்லை என்று சொல்லுங்கள், ஏன் இல்லை என்றும் கூடவே ஒரு வரி சொல்லுங்கள்.

எலும்பு விஷயத்தில் இது இன்னும் அவசரம். 2025 ஜூலையில் சம்பூரில் கண்ணிவெடி அகற்றும்போது மனித எலும்புகள் வெளிப்பட்டு, விடயம் நீதிமன்றம்வரை போனது உங்களுக்குத் தெரியும். இந்த மாவட்டத்தில் மண்ணுக்குள் எலும்பு தெரிந்தால் மனதில் முதலில் எழும் கேள்வி அது எத்தனை இலட்சம் ஆண்டு பழையது என்பதல்ல. எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறோம்: மண்ணில் பதிந்த நிலையில் எலும்பு கண்டால் தொடுவதில்லை, தோண்டுவதில்லை, தூரத்தில் நின்று படம் எடுத்துக் கிராம சேவகருக்கும் பொலிசுக்கும் சொல்லிவிடுவது. கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள நிலத்துக்குள் போவதே இல்லை. ஆனால் கடல் ஒதுக்கிய ஒற்றை எலும்புத் துண்டுக்கெல்லாம் பொலிசை அழைத்தால் அவர்களும் எத்தனை தடவை வருவார்கள்? மாடு, மான், ஆமை, கடற்பசு என்று தெளிவாகத் தெரிவதைப் பிரித்துப் பார்க்க எங்களில் ஓரிருவருக்கு நீங்கள் பழக்கிவிட்டால் மிச்சத்தை உரிய மரியாதையோடு உரிய இடத்துக்குக் கொண்டுபோகலாம். காணாமற்போனவர்களுக்காக இன்னும் காத்திருக்கும் வீடுகள் உள்ள ஊர் இது. இந்த விஷயத்தில் ஆர்வக்கோளாறுக்கு இடமில்லை.

பொழுதுபோக்குக்காரர்களோடு மினக்கெட நேரமில்லை என்று உங்களில் யாராவது நினைத்தால், இரத்தினபுரியை ஞாபகப்படுத்துகிறோம். அங்கே இரத்தினக்கல் தோண்டும் குழிகளில், கல் கிடைக்கும் அந்தப் பரல் படைகளில்தான் நீர்யானையும் காண்டாமிருகமும் இந்தத் தீவில் வாழ்ந்ததற்கான எலும்புகள் வந்தன. தேசிய நூதனசாலைகளின் பணிப்பாளராக இருந்த பி.ஈ.பி. தெரணியகல அவற்றைச் சேர்த்து, ஆராய்ந்து, பெயர் வைத்தார். குருவிட்டவில் கிடைத்த இரண்டு பற்களைக் கொண்டு 1939இல் இலங்கைச் சிங்கத்தை விவரித்தார். கொடியில் இருக்கும் சிங்கத்தைப் பற்றி நாடு முழுக்கப் பேச்சு. காட்டில் திரிந்த சிங்கத்துக்குச் சாட்சி அந்தப் பற்கள். இரத்தினபுரிக் குழிகளில் சேற்றோடு நின்று வேலை செய்தவர்கள் விலங்கியல் படித்தவர்கள் அல்லர். அவர்கள் கையில் பட்டதைப் பார்த்துச் சொல்ல ஒருவர் இருந்தார், அதனால் அது நூதனசாலைக்குப் போனது. இல்லையென்றால் அரித்துக் கொட்டிய கழிவோடு போயிருக்கும்.

நாங்கள் விற்பதில்லை. நிலத்தைத் தோண்டுவதுமில்லை. அனுமதி இல்லாமல் தொல்பொருள் தேடித் தோண்டுவது 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி குற்றம் என்பதைப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லிவிடுகிறோம். புறாத்தீவு 2003 முதல் தேசியப் பூங்கா; அங்கே கரையில் குவிந்திருக்கும் முருகைக்கல்லில் ஒரு துண்டைக்கூட எடுப்பதில்லை, எடுத்துவந்து காட்டினால் வாங்குவதுமில்லை. உங்கள் சேகரிப்புக்கு ஏற்றது ஏதாவது எங்களிடம் இருந்தால் அது உங்களுடையது. கண்டெடுத்தவர் பெயரை அட்டையில் எழுதிவைத்தால் போதும், அதுகூடப் பிள்ளைகளுக்காகத்தான்.

வேண்டியது என்ன என்றால், வருடத்தில் ஒரு நாள் உங்களில் ஒருவரோ இருவரோ திருமலைக்கு வாருங்கள். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலோ பொது நூலகத்திலோ நாலு மேசை போட்டால் போதும். யாரும் தங்கள் டின்னைக் கொண்டுவரலாம், ஆளுக்கு ஐந்து நிமிடம். பேசுவது தமிழில் இருந்தால் நல்லது. முடியாவிட்டால் பக்கத்தில் நின்று மொழிபெயர்க்க எங்கள் கணித ஆசிரியர் தயார். அது முடியாத காலத்தில் படம் அனுப்ப ஒரு முகவரி, பதில் சொல்ல ஒரு பெயர். பதில் இரண்டு மாதம் கழித்து வந்தாலும் பரவாயில்லை, வந்தால் சரி. அப்புறம் கல்லாகிவிட்ட எலும்பு, சிப்பி, மரம் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது, எதை எடுக்கலாம், எதை அந்த இடத்திலேயே விடவேண்டும் என்று ஒரே ஒரு பக்கத்தில் தமிழில் எழுதித் தாருங்கள். பாடசாலைகளுக்கும் மீனவர் சங்கங்களுக்கும் அச்சடித்துக் கொடுப்பது எங்கள் பொறுப்பு.

எங்கள் பக்கத்து வேலையைத் தொடங்கிவிட்டோம். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு இலக்கம், எடுத்த இடம், திகதி, மேற்பரப்பில் கிடந்ததா மண்ணுக்குள்ளிருந்து வந்ததா, பக்கத்தில் என்ன இருந்தது என்று ஒரு கொப்பியில் எழுதுகிறோம். லொறியில் வந்த கல் என்றால் அதையும் எழுதுகிறோம். அடிமட்டம் பக்கத்தில் வைத்து மூன்று பக்கமும் படம். கழுவுவது தண்ணீரில் மட்டும், வார்னிஷ் பூசுவதில்லை. முன்பு பூசியவற்றுக்கு மன்னிக்கவும்.

நாள் குறிப்பதானால் புரட்டாதிக்குள் ஒரு சனிக்கிழமை வசதி. ஐப்பசி பிறந்தால் வாடைக்காற்றும் மழையும் தொடங்கிவிடும், மூதூரிலிருந்தும் வெருகலிலிருந்தும் ஆட்கள் வருவது சிரமம். கொழும்பிலிருந்து இரவு ரயில் ஏறினால் விடியவே இங்கே இறங்கிவிடலாம். ஸ்டேசனுக்கு ஓட்டோ வரும். ஓடுபவர் எங்களில் ஒருவர்தான், ஆனால் அவருடைய டின்னை முதலில் காட்டும் வாய்ப்பை அவருக்குத் தரவேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
திருகோணமலையில் கல் சேர்க்கிறவர்கள்