எங்கள் வீட்டுச் சுவரை அளந்துவிட்டுப் போனவர்களுக்கு

வணக்கம். சுனாமி வந்த அடுத்த மாதம், 2005 ஜனவரியில், தரங்கம்பாடிக்கு வந்து, எங்கள் வீட்டுச் சுவரில் தண்ணீர் ஏறி நின்ற கறையை அளந்து குறித்துக்கொண்டு போனீர்களே, உங்களுக்குத்தான் முதலில் இந்தக் கடிதம். பெயரெல்லாம் அன்று கேட்டுக்கொள்ளவில்லை, கேட்கிற நிலையில் வீட்டில் யாரும் இல்லை. அமெரிக்காவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்தவர்கள், கூட வந்திருப்பது நம் ஊர் விஞ்ஞானிகள் என்று மட்டும் சொன்னார்கள். எனக்கு அப்போது பதினைந்து வயது. சோறும் துணியும் வந்துகொண்டிருந்த தெருவில் அளவுகோலைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறார்களே என்று உங்கள் மேல் எனக்குக் கோபம்கூட இருந்தது. தண்ணீர் எதுவரை வந்தது, எத்தனை அலை, முதலில் கடல் உள்வாங்கியதா, எத்தனை மணி இருக்கும் என்று நீங்கள் கேட்டுக்கொண்டே இருக்க, அம்மா ஒன்றும் பேசாமல் போய்ச் சுவரில் கை வைத்துக் காட்டினாள்.

பதில் சொன்னது பெரியப்பாதான். சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் கடலுக்குப் போயிருந்தார். கடல் எப்போதும்போல இருந்தது, நீவாட்டில், அதாவது நீரோட்டத்தில்கூடப் பெரிய மாற்றமில்லை, வலையை வாங்கிக்கொண்டு கரைக்கு வந்து பார்த்தால் கரையே இல்லை. "நாற்பது வருசமா கடல்ல கிடக்கிறேன், எனக்கே தெரியலையே" என்று அதே வாக்கியத்தை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். உங்களில் தமிழ் பேசியவர் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஆழத்தில் அந்த அலை படகுக்கு அடியில் போனாலும் யாருக்கும் தெரியாது, கரைக்குப் பக்கத்தில் தரை மேடாகும்போதுதான் அது வேகம் குறைந்து உயரமாக எழும்பும் என்று பொறுமையாகச் சொன்னார். சில வருடங்கள் கழித்து நான் படித்துத் தெரிந்துகொண்டேன்: நிலநடுக்கம் வந்து இரண்டு மணி நேரம் கழித்து வங்கக் கடலுக்கு மேலே போன ஜேசன்-1 என்ற செயற்கைக்கோள் அளந்தபோது நடுக்கடலில் அலையின் உயரம் வெறும் 60 சென்டிமீட்டர்தான். அதுவும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்குப் பரவிய மேடு. இதைப் பெரியப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்ப நான் கவனிக்காம விடலை" என்றார். நிவாரணம் நிறைய வந்தது, அதற்கும் நன்றி உண்டு. ஆனால் இந்த ஒன்றை உங்களைத் தவிர வேறு யாரும் அவருக்குக் கொடுத்திருக்க முடியாது.

அடுத்து, ஹவாயிலும் டோக்கியோவிலும் அப்போது இரவு பகலாக வேலையில் இருந்தவர்களுக்கு. 2004 டிசம்பர் 26 காலை 6.28க்கு சுமத்ரா பக்கத்தில் பூமி அதிர்ந்தது. ஹவாயில் இருக்கும் பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையம் கால் மணி நேரத்தில் முதல் அறிக்கையை வெளியிட்டுவிட்டது, ஆனால் அது பசிபிக் நாடுகளுக்கானது. எங்கள் கடலுக்கென்று ஓர் ஏற்பாடும் கிடையாது, யாருக்குச் சொல்வது என்ற விவரம்கூட அவர்கள் கையில் இல்லை. எங்கள் கரைக்குத் தண்ணீர் வர இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. அந்த இரண்டு மணி நேரத்தை நினைக்காத நாள் எங்கள் தெருவில் இல்லை. புதுச்சேரிப் பக்கம் நல்லவாடு கிராமத்துக்கு மட்டும் சிங்கப்பூரில் வேலை பார்த்த அந்த ஊர்ப் பிள்ளையிடமிருந்து போன் வந்தது, எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே வைத்திருந்த கிராம அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் சொன்னார்கள், ஊரே ஓடிப் பிழைத்தது. ஒரு போன், ஒரு மைக். எங்களுக்கு அந்த போன் வரவில்லை.

அந்த போன் இனி எல்லா ஊருக்கும் வரவேண்டும் என்று யுனெஸ்கோவின் கடலியல் ஆணையத்தின் கீழ் 2005லேயே இந்தியப் பெருங்கடல் நாடுகளை உட்காரவைத்துப் பேசினீர்களே, அதற்கு நன்றி. எங்களிடம் சொந்த ஏற்பாடு வரும்வரை ஹவாயும் ஜப்பானும் தங்கள் கடலோடு சேர்த்து எங்கள் கடலையும் பார்த்துக்கொண்டன. 2007 அக்டோபரில் ஹைதராபாத்தில் நம் நாட்டின் சுனாமி எச்சரிக்கை மையம் வேலையைத் தொடங்கியது. 2011இல் இந்தியா, ஆஸ்திரேலியா, இந்தோனேசியா மூன்றும் இந்தக் கடல் முழுவதற்கும் தகவல் கொடுக்கும் பொறுப்பை எடுத்துக்கொண்டன. ஒரு நாட்டின் நிலநடுக்கமானி பதிவுசெய்வது அதே நிமிடம் இன்னொரு நாட்டுக்குப் போகிறது என்பது சின்ன விஷயமில்லை. பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்கள் வலை போடும் எல்லைக்கே எத்தனை பஞ்சாயத்து பேசுகிறோம் என்று எங்களுக்குத் தெரியும்.

2012 ஏப்ரல் 11 மதியம் அந்த எச்சரிக்கை எங்கள் தெருவுக்கு வந்தது. மறுபடியும் சுமத்ரா பக்கத்தில் நிலநடுக்கம், அளவு 8.6. ஹைதராபாத்திலிருந்து பத்து நிமிடத்துக்குள் தகவல் வெளியாகிவிட்டது. டிவியில் ஓடியது, ஜீப்பில் மைக் கட்டிக்கொண்டு வந்து சொன்னார்கள், அம்மா ரேஷன் கார்டையும் என் தம்பி பிள்ளையையும் தூக்கிக்கொண்டு மேற்கே நடந்தாள். அந்த முறை பூமித்தட்டு மேலும் கீழுமாக நகராமல் பக்கவாட்டில் நகர்ந்ததால் பெரிய அலை எழவில்லை, சாயங்காலம் எச்சரிக்கையை விலக்கிக்கொண்டார்கள். சும்மா பயமுறுத்திவிட்டார்கள் என்று சிலர் சொன்னது உங்கள் காதுக்கும் வந்திருக்கும். நான் அப்படி நினைக்கவில்லை. ஓடுவதற்கு நேரம் கிடைத்தது, திரும்பி வருவதற்கும் வீடு இருந்தது. "வீட்டுக்குப் போகலாம்" என்று சொல்வதற்கும் ஆள் வேண்டும், அதையும் நீங்கள்தான் சொன்னீர்கள்.

மண்ணைத் தோண்டியவர்களையும் விட்டுவிட முடியாது. தாய்லாந்தில் க்ருவாவுன் ஜன்கேவ் தலைமையில் பல நாட்டு ஆய்வாளர்கள் ஃப்ரா தோங் தீவில் குழி வெட்டி, 2004 சுனாமி விட்டுப்போன மணலுக்குக் கீழே 550 முதல் 700 வருடங்களுக்கு முந்தைய இன்னொரு சுனாமியின் மணல் அடுக்கைக் கண்டுபிடித்து 2008இல் வெளியிட்டார்கள். எங்களுக்கு வடக்கே, கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம், காவிரிப்பூம்பட்டினத்தில் சோழர் காலத்து ஆழிப்பேரலையின் தடயத்தை சி.பி. ராஜேந்திரனும் குசலா ராஜேந்திரனும் மற்றவர்களும் எடுத்துக் காட்டினார்கள். எங்கள் பாட்டிமார் யாரும் இப்படி ஒன்று நடந்ததாகச் சொன்னதில்லை. மண் மட்டும் ஞாபகம் வைத்திருந்திருக்கிறது, அதை வாசிக்கத் தெரிந்த நீங்கள் வந்தீர்கள்.

சுவரை 2009இல் இடித்துக் கட்டினோம். கறை இருந்த உயரத்தில் அம்மா புதுச் சுவரிலும் ஒரு கோடு போடச் சொன்னாள், இன்னும் இருக்கிறது.

பெரியப்பாவும் ஒரு வரி எழுதச் சொன்னார். ஆழ்கடலின் அடியில் நீங்கள் வைத்திருக்கும் அழுத்தமானிகள் அலையைப் பிடித்து மேலே மிதக்கும் மிதவை வழியாகத்தான் செயற்கைக்கோளுக்குச் சொல்கின்றன. மிதவைக்கு அடியில் மீன் கூடும், அதனால் படகை அதில் கட்டி வலை போடுகிறவர்கள் உலகம் முழுக்க உண்டு, பல மிதவைகள் கெட்டுப்போவதும் அதனால்தான். இப்போது கடலுக்குப் போகும் பையன்களிடம் அவர் ஒவ்வொரு முறையும் சொல்லி அனுப்புகிறார்: "மஞ்சள் மிதவை கண்ணுல பட்டா தள்ளிப் போங்கடா, அதுதான் நம்ம வீட்டுக்கு போன் பண்ணும்."

தரங்கம்பாடியிலிருந்து, அந்தச் சுவர் வீட்டுப் பெண்.