31 மஞ்சள் கரு

சிங்கப்பூர்
14 செப்டம்பர்

அன்புள்ள மல்லிகாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். பொங்கலுக்கு நீ எழுதிய கடிதத்துக்குச் செப்டம்பரில் பதில் எழுதுகிறேன் என்பது எனக்கே வருத்தமாக இருக்கிறது. பெரியவனின் தேசிய சேவை முடியட்டும், இவருடைய கண் அறுவை சிகிச்சை முடியட்டும் என்று தள்ளிப்போட்டதில் எட்டு மாதம் ஓடிவிட்டது. இரண்டும் நல்லபடியாக முடிந்தன. ரோஹாயா பாட்டியாகிவிட்டாள். வேணு அண்ணன் அதே கடையில் அதே நாற்காலியில்தான் இருக்கிறார், உன்னைக் கேட்டார். மற்றபடி ஊர்ச் செய்தி என்று பெரிதாக எதுவும் இல்லை.

இன்று என்னை எழுத உட்கார வைத்தவர் டோரீன் ஆன்ட்டி. சென்ற ஞாயிற்றுக்கிழமை அவர் என்னிடம் ஒரு பொறுப்பை ஒப்படைத்திருக்கிறார். அன்று முதல் எனக்குத் தூக்கம் சரியாக இல்லை. அதைச் சொல்ல வேண்டுமானால் கேக் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும், பொறுமையாகப் படி.

2020இல் எல்லாரும் வீட்டோடு அடைந்து கிடந்த அந்த இரண்டு மாதங்களில் நான் அடுப்பு வாங்கியதும், வாழைப்பழ ரொட்டியில் தொடங்கி பண்டான் சிஃபோன் கேக் வரை வந்ததும் உனக்குத் தெரியும். அவை இரண்டும் எனக்குச் சுலபமாகவே கைவந்தன. அதற்குக் காரணம் என் கைத்திறன் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். இரண்டிலும் நான் ஊற்றியது எண்ணெய் என்பதும், எண்ணெய் நம் ஊர்ச் சூட்டைப் பொருட்படுத்துவதில்லை என்பதும், வெண்ணெய் கேக்கில் கைவைத்த பிறகுதான் புரிந்தன. இந்த ஆண்டு சித்திரைப் புத்தாண்டுக்கு ஆன்ட்டியைப் பார்க்கப் போனபோது, அவர் கைநடுக்கம் அதிகமாகி மூன்று கிறிஸ்துமஸாக, ரவையில் செய்யும் அந்தச் சுஜி கேக்கே செய்யவில்லை என்று சொன்னார். நாம் குடியிருந்த அடுக்குமாடி புளோக்கின் தாழ்வாரத்தில் டிசம்பர் மாதம் முழுவதும் வீசிய அந்த மணம் நினைவிருக்கிறதா? வெந்நீரில் ஊறிய பாதாம் பருப்பைத் தோலுரிப்பது உன் வேலை, வெள்ளைக் கருவை நுரைக்க அடிப்பது என் வேலை. உரித்ததில் பாதி உன் வாய்க்குள் போனது ஆன்ட்டிக்கு அன்றே தெரியுமாம். அதனால்தான் எப்போதும் ஒரு கைப்பிடி கூடுதலாக ஊற வைப்பாராம். அன்று வீடு திரும்பியதும் அந்தக் கேக்கை நான் செய்வது என்று முடிவு செய்தேன்.

அளவுகளை ஆன்ட்டி மனப்பாடமாகச் சொன்னார். எட்டு அங்குலத் தட்டுக்கு 250 கிராம் வெண்ணெய், 250 கிராம் ரவை, 200 கிராம் சர்க்கரை, 150 கிராம் அரைத்த பாதாம், ஒரு கைப்பிடி மைதா, 10 மஞ்சள் கரு, 4 வெள்ளைக் கரு, இரண்டு மேசைக்கரண்டி பிராந்தி. லிட்டில் இந்தியாவின் தேக்காவில் நல்ல ரவையாகப் பார்த்து வாங்கி வந்து, கேசரிக்கு வறுப்பதைப் போலவே வாசம் வரும்வரை வறுத்துவிட்டேன். நம் வீட்டுப் பெண்களின் கைக்கு ரவை என்றாலே வறுக்கத்தான் தோன்றும். வறுத்த ரவை உதிரி உதிரியாக நிற்பது உப்புமாவுக்கும் கேசரிக்கும் நல்லது, இந்தக் கேக்குக்கோ அதுதான் பகை. வாயில் போட்டால் மணலாக நெருடியது. இரண்டாம் முறை வறுக்கவில்லை, ஆனால் அவசரப்பட்டு ஒரு மணி நேரமே ஊற வைத்தேன். அப்போதும் நெருடல் போகவில்லை. ரவை வெண்ணெயிலேயே பல மணி நேரம் ஊறி, தன் குணத்தை விட்டுக்கொடுத்து, விரலால் நசுக்கினால் மசியும் பதத்துக்கு வர வேண்டும் என்று ஆன்ட்டி அப்போதுதான் விளக்கினார்.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கேக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்லண்ட்ஸிலிருந்து ரயிலேறுவேன். நீ போன பிறகு, 2024 ஜூனில், மரின் பரேடுக்கு ரயில் நிலையம் வந்துவிட்டது. மாறாமல் ஒரே ரயிலில் போய் இறங்கலாம். ஆன்ட்டி ஒரு விள்ளல் எடுத்து, கண்ணை மூடி, நாக்கின் நுனியில் வைத்துப் பார்த்துவிட்டு, "இன்னும் வரவில்லை" என்பார். வேறு ஒரு சொல் பேச மாட்டார். மூன்றாம் முறையும் நான்காம் முறையும் ரவை நன்றாகவே ஊறியிருந்தது, மணமும் வந்துவிட்டது, ஆனாலும் கேக்கின் அடியில் ஒரு விரல் கனத்துக்கு எண்ணெய் இறங்கிக் களியாக நின்றது. மேல் பாதி சரியாகவும் அடிப் பாதி பிசைந்த மாவாகவும் இருக்கும் கேக்கை எண்பத்து நான்கு வயதுப் பெண்மணியின் முன் வைப்பதற்கு எனக்கு மனம் கூசியது.

அதன் காரணத்தைத்தான் உனக்கு விரிவாக எழுத வேண்டும், ஏனென்றால் உன் ஊரில் இது ஒரு பிரச்சினையே இல்லை. கேக் புத்தகங்கள் எல்லாம் வெண்ணெயை ஒரு மணி நேரம் முன்னால் எடுத்து வெளியே வைத்து "அறை வெப்பநிலைக்கு" வரவிடுங்கள் என்கின்றன. அதை எழுதியவர்களின் அறை 18, 20 பாகைக்காரர்களின் அறை. என் சமையலறை பிற்பகலில் 31 பாகை. ஒரு நாள் பெரியவன் இறைச்சிக்குக் குத்தும் வெப்பமானியை எடுத்து வெண்ணெயில் குத்திப் பார்த்தேன், 29 காட்டியது. இன்னும் நான்கைந்து பாகை ஏறினால் உருகிவிடும் நிலையில் இருந்த வெண்ணெயைத்தான் நான் நான்கு வாரமும் அடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். சர்க்கரையின் கூரான முனைகள் வெண்ணெயைக் கீறிக்கீறித்தான் அதற்குள் கண்ணுக்குத் தெரியாத காற்றுக் குமிழ்கள் உண்டாகின்றன. பேக்கிங் பவுடர் புதிதாகக் குமிழ் எதையும் உண்டாக்குவதில்லை, இருக்கின்ற குமிழைப் பெரிதாக்குவது மட்டுமே அதன் வேலை. வெண்ணெய் இளகிக் கிடந்தால் குமிழ் நிற்க இடமில்லை. காற்று வெளியேறிவிடும், கொழுப்பு அடியில் இறங்கிவிடும். நான் அடுப்பைக் குறை சொன்னேன், மாவைக் குறை சொன்னேன், கடைசியில் குற்றவாளி நம் ஊரின் வெயிலாக இருந்தது.

ஐந்தாம் முறை விடியற்காலை ஐந்தரை மணிக்கே எழுந்துவிட்டேன். வெண்ணெயைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்தவுடன் சிறு கட்டிகளாக வெட்டிப் பரப்பி, பத்து நிமிடம் மட்டும் விட்டேன். விரலால் அழுத்தினேன். குழி விழுந்தது, ஆனால் விரலில் பளபளப்பு ஒட்டவில்லை. மல்லிகா, அதுதான் பதம். இனி எனக்கு வெப்பமானி தேவையில்லை. அடிக்கும் இயந்திரமும் சூடேற்றும் என்பதால் பாத்திரத்துக்கு அடியில் ஐஸ் தண்ணீர் வைத்துக்கொண்டேன். மஞ்சளாக இருந்த வெண்ணெய் மெல்ல மெல்ல வெளுத்து, தேங்காயை முதலில் பிழிந்தெடுத்த பாலின் நிறத்துக்கு வந்து, கரண்டியில் எடுத்தால் மடிப்பு மடிப்பாக நின்றபோது, நான் அடுப்படியில் தனியாக நின்று சிரித்தேன். ரவையைக் கலந்து, ஈரத்துணி போட்டு மூடி, சின்னவனின் அறையில் குளிர்சாதனத்தை 24இல் வைத்து, அவன் மேசைப் புத்தகங்களை ஒதுக்கிவிட்டு ஐந்து மணி நேரம் ஊற வைத்தேன். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை.

பிராந்தி விஷயம் ஒன்று இருந்தது. எங்கள் அத்தை இருக்கும் வீட்டில் அந்தப் புட்டியை ஒளித்து வைக்க எனக்கு விருப்பமில்லை. அவரிடமே நேராகக் கேட்டேன். "பிரசவ மருந்துக்கு வாங்கி வைப்பதில்லையா, அதைப்போல் வைத்துக்கொள்" என்று சொல்லிவிட்டார்.

அந்தக் கேக்கை ஆன்ட்டி சாப்பிட்டார். ஒன்றும் சொல்லவில்லை. தட்டை என் பக்கம் நீட்டி இன்னொரு துண்டு கேட்டார். அதன் பிறகுதான், பேத்திக்கு டிசம்பர் இரண்டாம் சனிக்கிழமை சேப்பல் ரோட்டில் உள்ள திருக்குடும்ப ஆலயத்தில் கல்யாணம் என்றும், கல்யாணக் கேக்கை நான்தான் செய்ய வேண்டும் என்றும் சொன்னார்.

ஆன்ட்டியைப் போன்ற, ஐரோப்பிய-ஆசியக் கலப்பு வழிவந்த யுரேஷியர் வீட்டுக் கல்யாணத்தில் சுஜி கேக் என்றால் என்ன என்பதை நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. தன் மூன்று பெண்களின் கல்யாணக் கேக்கையும் அவரே செய்தார். மூத்தவர் கல்யாணத்துக்கு நாம் இருவரும்தான் கீழ்த் தட்டைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினோம், அந்த லிஃப்ட் சம்பவத்தை மறந்திருக்க மாட்டாய். இப்போது அதே கேக்கைக் கடையில் சொல்லி வைக்காமல், ரத்த உறவில்லாத என்னிடம் அவர் கேட்கிறார். நான் உடனே சரி என்றேன். ரயிலில் திரும்பும்போதுதான் பயம் பிடித்தது.

மூன்று அடுக்கு: 10, 8, 6 அங்குலம். வட்டத் தட்டின் பரப்பளவைக் கணக்குப் போட்டால் பெரிய அடுக்கு மட்டுமே நடு அடுக்கைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேல் வருகிறது. மூன்றும் சேர்ந்தால் மூன்று மடங்கைத் தாண்டுகிறது. அதாவது 31 மஞ்சள் கரு, சுமார் 780 கிராம் வெண்ணெய், அதே அளவு ரவை. மீதமாகும் 18 வெள்ளைக் கருவை என்ன செய்வது என்று இன்னும் யோசிக்கவில்லை. 10 அங்குலத் தட்டை என் அடுப்பில் வைத்தால் இருபக்கமும் இரண்டு விரல் இடைவெளிதான் மிஞ்சுகிறது. நடு வேகும் முன் ஓரம் கருகிவிடாமல் இருக்க, சூட்டை 160இலிருந்து 150க்குக் குறைத்து, தட்டைச் சுற்றி நனைத்த துணிப்பட்டை கட்டிப் பார்க்கப் போகிறேன்.

அதைவிடப் பெரிய கவலை மேலே போடும் சர்க்கரைப் பூச்சு. ஆன்ட்டி வழக்கப்படி முதலில் பாதாம் விழுது, அதன்மேல் வெள்ளைக் கருவும் பொடித்த சர்க்கரையும் சேர்த்த ராயல் ஐசிங். சர்க்கரை காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டிசம்பர் நமக்கு மழைக்காலம். குளிர்பெட்டியில் வைக்கலாம் என்றால் வெளியே எடுத்தவுடன் வியர்த்துவிடும். எனவே கல்யாணத்துக்கு முந்தைய மூன்று நாளும் சின்னவன் அறை இரவு பகலாகக் குளிர்ச்சியாகவே இருக்க வேண்டும். மின்சாரக் கட்டணத்தைப் பற்றி இவர் எதுவும் கேட்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். சுட்ட அன்றைவிட இரண்டு நாள் கழித்துத்தான் இந்தக் கேக்கின் ருசி கூடுகிறது என்பதால், புதனும் வியாழனும் சுட்டு, வெள்ளியன்று பூச்சு முடிக்கத் திட்டம்.

இதெல்லாம் கணக்கு, போட்டுவிடலாம். என் மனத்தை அரிப்பது வேறு. சென்ற ஞாயிறு நான் வெட்டிக் கொடுத்த துண்டை வாய்க்கு எடுத்துச் செல்ல அவர் கைக்கு மூன்று முயற்சி தேவைப்பட்டது. இந்தக் கேக் ஒழுங்காக வரவில்லை என்றால், மறுபடி ஒரு முறை செய்து கொடுக்கிறேன் என்று அவரிடம் சொல்ல எனக்கு இன்னொரு கல்யாணம் கிடைக்கப் போவதில்லை.

ஆகவே நீ கிறிஸ்துமஸுக்கு வருவதாக இருந்த பயணத்தை டிசம்பர் முதல் வாரத்துக்கு மாற்றிக்கொள். அரை கிலோ பாதாமைத் தனியாக உரிக்க எனக்கு நேரமிருக்காது, கடையில் விற்கும் பாதாம் மாவை ஆன்ட்டி தொடமாட்டார். "பாதாம் பெண் வருகிறாளா?" என்று அவர் விடைபெறும்போது கேட்டார். வருகிறாள் என்று நான் சொல்லியாயிற்று. கூடுதல் கைப்பிடியும் ஊற வைக்கிறேன். பயணச்சீட்டு எடுத்ததும் தேதியை எழுது.

அன்புடன்,
சாவித்திரி