வல்லூறுக் குஞ்சைக் கூட்டிலேயே விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் கண்மாய்க்கரை மரங்களில் வல்லூறு கூடு கட்டுகிறது. வேட்டைக்குப் பழக்கலாம் என்று அதன் குஞ்சின் மேல் கண் வைக்கும் இளைஞர்களுக்காக இதை எழுதுகிறோம். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதே குற்றம். அது புதியவர் கைக்கு ஏற்ற பறவையும் அல்ல.

வேட்டைப்பறவை பசி இருந்தால்தான் கைக்குத் திரும்பும். அதனால் தினமும் எடை போட்டு, இரையை அளந்து கொடுக்க வேண்டும். வல்லூறின் மொத்த எடையே சுமார் 100 முதல் 200 கிராம்தான். ஒரு கிலோ பறவை 10 கிராம் இளைத்தால் தாங்கும். வல்லூறு அதே 10 கிராம் இளைத்தால் செத்தே போகலாம். மேலைநாடுகளில் புதியவர்கள் பலர் பெரிய, கூட்டமாக வாழும் ஹாரிஸ் பருந்தை எடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அமெரிக்காவில் அதற்கும் தேர்வு, உரிமம், முதல் 2 ஆண்டுகள் அனுபவசாலியின் மேற்பார்வை என்று எல்லாம் உண்டு.

சிறு குஞ்சாக எடுத்து வளர்த்தால் மனிதரையே தாயாக எண்ணும். வளர்ந்த பின்பும் இரைக்குக் கத்தும், முகத்தில் பாயும். ஓணானை எலும்போடு தின்னும் பறவைக்கு எலும்பில்லாத கோழிக்கறி மட்டும் போட்டால், சுண்ணாம்புச்சத்து இல்லாமல் கால் வளைந்துவிடும்.

கீழே விழுந்த குஞ்சுக்குப் பால், சோறு, தண்ணீர் எதையும் புகட்டாதீர்கள், மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். காயம் இல்லையென்றால், அடியில் ஓட்டையுள்ள கூடையில் வைத்து அதே மரத்தில் உயரமாகக் கட்டுங்கள். தாய் வந்து ஊட்டும். காயம் இருந்தால் மூடிய அட்டைப்பெட்டியில் வைத்து வனத்துறையிடம் கொடுங்கள். கோடை விடுமுறைக்கு முன்பே வனத்துறையினர் பள்ளிகளில் இதைச் செய்துகாட்ட வேண்டும்.

இப்படிக்கு,
பறவை ஆர்வலர்கள்,
காரைக்குடி